ஆயரம்மா வந்தாச்சு, ஆயர் எங்கே?

அம்பத்தூரில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுப் பிரதிஷ்டை. கிரகப்பிரவேசத்தைக் கிறிஸ்தவக் குடும்பங்களில் அப்படித்தான் சொல்வார்கள். பத்து மணிக்கு ஜெபம், பன்னிரண்டு மணிக்குப் பிரியாணி. நான் இரண்டாவதற்காகப் போனவன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் மரியாதைக்குப் பத்து மணிக்கே போய், ஷாமியானா ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

பத்தேகாலுக்கு வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. சாதாரண காட்டன் சேலை, தோளில் ஒரு பை. ஹெல்மெட்டைக் கழற்றி முடியைச் சரிசெய்துகொண்டே ஓர் அம்மா இறங்கினார். நாற்பது வயது இருக்கும். பின்னால் உட்கார்ந்து வந்த ஆண், ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு ஒதுங்கி நின்றார். வீட்டுக்காரர் ஓடிப்போய் வரவேற்றார். என் பக்கத்து நாற்காலியில் ஊரிலிருந்து வந்த ஒரு பெரியவர். திருநெல்வேலிப் பக்கம். மனைவியிடம் கேட்டார்:

“ஆயரம்மா வந்தாச்சு. ஆயர் எங்க?”

“இவங்கதான் ஆயர்.”

“அதான் தெரியுதே, ஆயரம்மா. நான் ஆயரைக் கேக்கேன்.”

“இவங்கதான் ஆயரேங்கேன்!”

பெரியவர் அந்த ஹெல்மெட் பிடித்திருந்த மனிதரைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து வெள்ளை அங்கியை எடுத்துச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார். அப்புறம் ஒன்றும் பேசவில்லை. ஜெபம் முடிகிறவரை பேசவில்லை.

நான் சர்ச்சுக்குப் போகிற ஆள் இல்லை. ஆனால், அந்த ‘ஆயரம்மா’ என்ற ஒற்றைச் சொல் எனக்குள் மாட்டிக்கொண்டது. டாக்டரின் மனைவி டாக்டரம்மா, வாத்தியாரின் மனைவி வாத்தியாரம்மா என்பது நம் ஊர் வழக்கம். ஒரு நாள் அந்த அம்மாவே டாக்டராகிவிட்டால் வழக்கு குழம்பத்தான் செய்யும். டாக்டர் விஷயத்தில் அந்தக் குழப்பம் எப்போதோ தீர்ந்துபோச்சு. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. ஆயர் விஷயத்தில் மட்டும் ஏன் இவ்வளவு தாமதம்?

தேடிக்கொண்டு போனால், அது எழும்பூரில் ஆரம்பித்து ஸ்காட்லாந்துக்குப் போய், ராயபுரம் வழியாகத் திரும்பி அம்பத்தூருக்கே வருகிறது.

பூந்தமல்லியிலிருந்து பிராட்வே போகும் பஸ்ஸில் ஏறியவர்கள் பார்த்திருப்பீர்கள். மதுரவாயல், கோயம்பேடு, அமைந்தகரை எல்லாம் தாண்டி எழும்பூரை நெருங்கும்போது ஒரு வெள்ளைக் கோபுரம் வானத்தைக் குத்திக்கொண்டு நிற்கும். செயின்ட் ஆண்ட்ரூஸ் சர்ச். ‘கிர்க்’ என்பார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் பேச்சில் கிர்க் என்றால் சர்ச். கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலைபார்த்த ஸ்காட்லாந்துக்காரர்களுக்காகக் கட்டியது. 1818-ல் அஸ்திவாரம், 1821-ல் திறப்பு. மண் சரியில்லை என்று டி ஹாவிலண்ட் என்ற எஞ்சினீயர் கிணறு கிணறாக வெட்டி, அதன்மேல் கட்டடத்தை உட்காரவைத்தார். உள்ளே வட்ட வடிவம், மேலே நீல நிற விதானம். இருநூறு வருடம் தாண்டியும் அசையவில்லை. நம் மேம்பாலக் கான்ட்ராக்டர்கள் ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

இது பிரஸ்பிட்டேரியன் சர்ச்சாகப் பிறந்தது. இந்த வார்த்தை இன்றைக்குச் சென்னையில் அநேகமாகக் காணாமல் போய்விட்டது. ஏன் போயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன். அர்த்தம் ரொம்ப எளிமை. கிரேக்க மொழியில் ‘பிரஸ்பிட்டரோஸ்’ என்றால் மூப்பர், பெரியவர். பிஷப் என்று ஒருத்தர் மேலே உட்கார்ந்து உத்தரவு போடும் ஏற்பாடு வேண்டாம், சபை தேர்ந்தெடுத்த மூப்பர்கள் கூடி உட்கார்ந்து முடிவெடுக்கட்டும் என்று சொன்னவர்கள் பிரஸ்பிட்டேரியர்கள். ஒரு சபைக்கு ஒரு மூப்பர் குழு, பல சபைகளுக்கு ஒரு பிரஸ்பிட்டரி, அதற்கு மேல் சினோடு, எல்லாவற்றுக்கும் மேல் பொதுப் பேரவை. பஞ்சாயத்து, ஒன்றியம், மாவட்டம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ராஜாவுக்கும் பிஷப்புக்கும் பயப்படாத ஜனநாயகம். ஆனால், மூப்பர் என்றால் ஆண் மூப்பர். அதை யாரும் எழுதிவைக்கக்கூட அவசியம் இருந்ததாக நினைக்கவில்லை.

எழுதியும் வைத்தார் ஒருவர். ஸ்காட்லாந்துச் சபையின் பிதாமகர் ஜான் நாக்ஸ். பெண்கள் நாடாளுவது இயற்கைக்கே விரோதம் என்று 1558-ல் ஒரு புத்தகம் போட்டார். குறி, இங்கிலாந்து ராணி மேரி. நேரம் சரியில்லை. அந்த வருடமே மேரி இறந்துபோனார். அடுத்து வந்தவர் எலிசபெத். அவரும் பெண்! நாக்ஸுக்குச் சாதகமாக இருந்திருக்க வேண்டிய புராட்டஸ்டன்ட் ராணி, கடைசிவரை அவர் முகத்தில் விழிக்கத் தயாராக இல்லை. வாயால் கெட்டார் என்று நம் ஊரில் இதைத்தான் சொல்வோம்.

இதற்கு எண்பது வருடம் கழித்து இன்னொரு காட்சி. 1637 ஜூலை, எடின்பரோ நகரின் செயின்ட் ஜைல்ஸ் சர்ச். லண்டனிலிருந்து ராஜா சார்லஸ் ஒரு புதிய ஜெபப் புத்தகத்தை அனுப்பி, இனி இப்படித்தான் ஆராதனை என்று உத்தரவு போட்டிருந்தார். பாதிரியார் புத்தகத்தைத் திறந்து வாசிக்க ஆரம்பித்ததும் எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த முக்காலியையே தூக்கி அவர்மேல் வீசினாள் என்பது கதை. காய்கறி விற்கிற பெண், பெயர் ஜென்னி கெட்டிஸ் என்று சொல்வார்கள். அந்தப் பெயரில் உண்மையிலேயே ஒருத்தி அன்று அங்கே இருந்தாளா என்று வரலாற்றுக்காரர்கள் சந்தேகப்படுகிறார்கள். ஆனால், அன்றைக்குக் கலவரம் நடந்தது நிஜம், பெண்கள் முன்னால் நின்றதும் நிஜம். அந்தக் கலவரத்தில் பிடித்த தீ, யுத்தமாக மாறி, கடைசியில் சார்லஸ் ராஜாவின் தலையே போனது. பிரஸ்பிட்டேரியன் சபையைக் காப்பாற்ற முதலில் எழுந்து நின்றது முக்காலி கொண்டுவந்த பெண்கள். சபை காப்பாற்றப்பட்ட பிறகு மூப்பர்களுக்கு நாற்காலி, பெண்களுக்குப் பழையபடி முக்காலி.

சரி, மெட்ராஸுக்கு வருவோம்.

1837-ல் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்து மிஷனரி மெட்ராஸ் வந்து ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். பின்னாளில் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்து 1937-ல் தாம்பரத்துக்குக் குடிபோனது அதுதான். உயர் நீதிமன்றத்துக்கு எதிரே ஆண்டர்சன் சர்ச் என்று அவர் பெயரில் ஒரு சர்ச் இன்றும் இருக்கிறது. அவர் வந்த அதே 1837-ல் எடின்பரோவில் இந்தியப் பெண்களின் கல்விக்காக ஸ்காட்லாந்துப் பெண்கள் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். ஆண்கள் நடத்திய மிஷனுக்குப் பக்கத்தில் பெண்களே பணம் திரட்டி, பெண்களையே அனுப்பிய தனிக் கணக்கு அது. நான் பி.காம். படித்தவன். எங்கே தனி லெட்ஜர் போடுகிறார்களோ அங்கே ஒரு கதை இருக்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

1843-ல் ஸ்காட்லாந்துச் சபை இரண்டாக உடைந்தது. காரணம், ஓர் ஊர்ச் சபைக்குப் போதகரை யார் நியமிப்பது என்ற சண்டை. அந்த ஊர் ஜமீன்தாருக்குத்தான் அந்த உரிமை என்றது சட்டம். முடியாது, சபை ஜனங்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள் என்று நானூறுக்கும் மேற்பட்ட போதகர்கள் சம்பளம், வீடு, சர்ச் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியேறி ‘சுதந்திர சபை’ என்று ஆரம்பித்தார்கள். மெட்ராஸில் ஆண்டர்சனும் சகாக்களும் சுதந்திர சபைப் பக்கம் போனார்கள். இதில் அதிகம் பேசப்படாத ஒரு சங்கதி உண்டு. சபை ஜனங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொல்லியாகிவிட்டது, ஜனங்களில் பாதிப் பேர் பெண்களாச்சே? வேறு வழியில்லாமல் புதிய சபையில் போதகரைத் தேர்ந்தெடுக்கப் பெண் உறுப்பினர்களுக்கும் ஓட்டு கொடுத்தார்கள். பிரிட்டிஷ் பார்லிமென்ட் தேர்தலில் பெண்கள் ஓட்டுப்போட 1918 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முக்கால் நூற்றாண்டு முந்தி, ஒரு சபைத் தேர்தலில் பெண் கைக்கு ஓட்டு வந்துவிட்டது. போதகரைத் தேர்ந்தெடுக்கலாம். போதகராக ஆகலாமா? அந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

மெட்ராஸில் அந்தக் குழுவினர் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். நடத்தியவர்களில் ஒருவர், பிரெய்ட்வுட் என்ற மிஷனரியின் மனைவி. அறிக்கைகளில் ‘திருமதி பிரெய்ட்வுட்’ என்றே வருவார். பெண் கல்விக்காகவே வந்த இன்னொருவர், சுவிட்சர்லாந்துக்காரரான மார்கரெட் லோக்கர். 1847-ல் ஆண்டர்சனைக் கல்யாணம் செய்துகொண்டார். அன்றிலிருந்து அவரும் திருமதி ஆண்டர்சன். மெட்ராஸின் ஆரம்பகால ‘ஆயரம்மா’க்கள் இவர்கள்தான். சம்பளப் பட்டியலில் பெயர் இருக்காது, வேலைப் பட்டியலில் எல்லாம் இவர்கள்தான். பெண்கள் கூட்டம், ஞாயிறு பள்ளி, நோயாளி வீடு, செத்த வீடு, தையல் வகுப்பு... ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுத்து இரண்டு ஆள் வேலை வாங்கும் ஏற்பாடு. எங்கள் பாஷையில் ‘புத்தகத்தில் ஏறாத வருமானம்’. சபை நூற்றைம்பது வருடம் இதை அனுபவித்தது.

வெள்ளைக்காரப் பெண்களால் போக முடியாத இடங்களும் இருந்தன. அங்கே போனவர்கள்தான் நம் ஊர் ‘பைபிள் உமன்’கள். அநேகமாக விதவைகள், எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர்கள். வெளியே வராத பெண்கள் இருக்கும் வீடுகளின் பின்கட்டுக்குள் போய் எழுத்துச் சொல்லிக்கொடுப்பது, வேதம் வாசிப்பது, தையல் கற்றுத்தருவது, கேட்டால் மருந்தும் சொல்வது. ஜெனானா ஊழியம் என்று பெயர்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார். எண்பது நெருங்குகிறது. செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து, கணவருக்கு ஆவடி டாங்க் ஃபாக்டரியில் வேலை கிடைத்து, இங்கே வந்தவர். வீட்டுப் பிரதிஷ்டைக் கதையை அவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, “எங்க பாட்டியே பைபிள் உமன்தான் தம்பி” என்றார்.

“அப்படியா? என்ன செய்வாங்க?”

“குடையும் பையுமா காலையில கிளம்பிடுவாங்க. வெள்ளச் சேல. ஒரு நாளைக்கு நாலு கிராமம். பொம்பளைங்க கிணத்தடியில, களத்துமேட்டுல எங்க இருக்காங்களோ அங்க நின்னுக்கிட்டே பாடம். பிரசங்கம் பண்ணா ஜனம் அழும்னு எங்க அம்மா சொல்வாங்க.”

“சர்ச்லயும் பிரசங்கம் பண்ணுவாங்களா?”

“சர்ச்லயா? நல்ல கதை. சர்ச்ல பாய்ல உக்காந்து உபதேசியார் பேசறதக் கேட்டுக்கிட்டு இருப்பாங்க. அந்த உபதேசியாருக்கு வேதத்துல சந்தேகம் வந்தா சாயங்காலம் பாட்டிகிட்ட வந்து கேப்பாராம்!”

களத்துமேட்டில் பேசினால் அது ஊழியம். பத்தடி தள்ளி, கூரை போட்ட கட்டடத்துக்குள் அதையே பேசினால் அது பிரசங்கம். முதலாவது பெண்ணுக்கு, இரண்டாவது ஆணுக்கு. இந்த எல்லைக்கோட்டுக்குக் கைகாட்டப்பட்ட ஆதாரம், பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதம். அதன் 14-ஆம் அதிகாரத்தில் பெண்கள் சபையில் பேசாமல் இருக்க வேண்டும் என்று வருகிறது. சரி, ஆனால் அதே கடிதத்தை மூன்று அதிகாரம் பின்னால் திருப்பினால், பெண்கள் ஜெபம் பண்ணும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலையில் முக்காடு போட வேண்டும் என்கிறார் அதே பவுல். பேசவே கூடாதென்றால் முக்காடு எதற்கு? ரோமருக்கு எழுதிய கடிதத்தின் கடைசியில் பெபேயாள் என்ற பெண்ணைப் பற்றிச் சொல்கிறார். கெங்கிரேயா ஊர்ச் சபையைச் சேர்ந்தவர். கிரேக்க மூலத்தில் அவருக்குப் பவுல் போட்ட பட்டம் ‘டியாகொனோஸ்’. ஆண்களுக்கு வந்த இடத்தில் அது சபைப் பதவியாக மொழிபெயர்க்கப்பட்டது. பெபேயாளுக்கு வந்த இடத்தில் ஊழியக்காரியாகிவிட்டது. இங்கிலீஷிலும் இதே கதைதான், தமிழை மட்டும் குறை சொல்ல வேண்டாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூரில் பீச் லோக்கல் பிடித்து ராயபுரத்தில் இறங்கினேன். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி புறப்பட்ட ஸ்டேஷன் அது. அந்த ரயிலும் எங்கள் அம்பத்தூர் வழியாகத்தான் வாலாஜா ரோடு போனது என்பதில் எங்களுக்கு ஒரு சின்னப் பெருமை. நான் போனது ஸ்டேஷனைப் பார்க்க அல்ல. ரெய்னி ஆஸ்பத்திரியைப் பார்க்க.

வடசென்னையில் பிறந்தவர்களில் பல பேர் ‘ரெய்னியில் பிறந்தேன்’ என்று சொல்வார்கள். ரெய்னி யார்? கிறிஸ்டினா ரெய்னி. ஸ்காட்லாந்தில் அந்த ஆஸ்பத்திரிக்காகப் பணம் திரட்டிய பெண்மணி. கட்டி ஆண்டவர், டாக்டர் அலெக்ஸாண்ட்ரினா மெட்டில்டா மேக்ஃபெயில். வடக்கே ஸ்கை தீவில் பிறந்தவர். இங்கிலாந்தில் பெண்களுக்காகத் தனியாக 1874-ல் தொடங்கிய லண்டன் மருத்துவப் பள்ளியில் படித்துவிட்டு, சுதந்திர சபையின் மருத்துவ மிஷனரியாக 1888-ல் மெட்ராஸ் வந்தார். ஆண் டாக்டர் தொடக் கூடாதென்று வீட்டோடு கிடந்து செத்த பெண்களின் காலம் அது. திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரி வந்ததே இதற்காகத்தான். மேக்ஃபெயில் சின்னதாக ஆரம்பித்த மருத்துவமனை வளர்ந்து வளர்ந்து, 1914-ல் ராயபுரத்தில் ரெய்னி ஆஸ்பத்திரியாக நின்றது. நடுவில் முதல் உலகப் போர் வந்தபோது, ஸ்காட்லாந்துப் பெண் டாக்டர்கள் நடத்திய யுத்த ஆஸ்பத்திரிகளில் செர்பியர்களுக்கு வைத்தியம் பார்க்கப் போய்விட்டுத் திரும்பிவந்தார். நாற்பது வருடம் போல மெட்ராஸில் உழைத்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டு யோசித்தேன். இந்த அம்மாவின் கையில் கத்தியைக் கொடுத்தார்கள். வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுக்கலாம். ஆஸ்பத்திரி முழுவதற்கும் அதிகாரி. நர்சுகளைப் பயிற்றுவிக்கலாம், கணக்கு பார்க்கலாம், கவர்னரோடு பேசலாம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் திருவிருந்து நடக்கும்போது மட்டும் அப்பத்தட்டைத் தொட்டு அடுத்தவருக்குப் பரிமாறக் கூடாது. பிரஸ்பிட்டேரியன் வழக்கப்படி மூப்பர்கள் தட்டையும் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு ஜனங்கள் உட்கார்ந்திருக்கும் வரிசைக்கே வருவார்கள். மேக்ஃபெயில் பிரசவம் பார்த்த ஒரு பையன் வளர்ந்து மூப்பராகி, அவருக்கே அப்பம் கொடுக்கலாம். தலைகீழாக நடக்க முடியாது.

அந்தக் காலத்தில் வெளியுலகம் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. 1915-ல் சென்னையில் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி வந்தது. ஆற்காடு மிஷன் குடும்பத்தில் பிறந்த ஐடா ஸ்கடர் (அதுவும் பிரஸ்பிட்டேரியன் முறையில் நடந்த மிஷன்தான்) வேலூரில் 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி ஆரம்பித்தார். 1921-ல் சென்னை மாகாணம் பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தது. 1927-ல் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபைத் துணைத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சபைக்குள் மட்டும் கடிகாரம் நின்றிருந்தது.

சபையில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. பெரிய விஷயம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. பிரிந்து கிடந்த சபைகளை ஒன்றாக்கும் வேலை. 1908-ல் பிரஸ்பிட்டேரியர்களும் காங்கிரிகேஷனல் சபையினரும் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை ஆனார்கள். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் ஐக்கிய சபைக் குருமாரும் ஆங்கிலிகன் குருமாரும் கூடி, எல்லோரும் ஒரே சபையாகலாம் என்று அறிக்கைவிட்டார்கள். பெரும்பாலும் இந்தியர்கள். வெள்ளைக்காரன் கொண்டுவந்த பிரிவினை எங்களுக்கு எதற்கு என்று கேட்ட தைரியசாலிகள். ஆனால், பட்டம் பெற்ற குருமார் கூட்டம் என்பதால் அதில் பெண் கிடையாது. பட்டம் கொடுத்தால்தானே இருக்க முடியும்?

அதற்கப்புறம் 28 வருடம் பேச்சுவார்த்தை. பிஷப் வேண்டுமா வேண்டாமா என்பதில்தான் முக்கால்வாசி நேரம் போனது. 1947 செப்டம்பர் 27-ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் சி.எஸ்.ஐ. பிறந்தது. ‘பிரஸ்பிட்டேரியன்’ என்ற பெயர்ப் பலகை காணாமல்போன கதை இதுதான். ஆனால், சொல் சாகவில்லை. குருவுக்கு என்ன பெயர் வைப்பது என்று வந்தபோது, ‘பிரஸ்பிட்டர்’ என்ற சொல்லை சி.எஸ்.ஐ. எடுத்துக்கொண்டது. தமிழில் ஆயர். பிஷப்பே கூடாது என்ற பாரம்பரியத்தில் வளர்ந்த, ஸ்காட்லாந்துச் சபை அனுப்பிய மிஷனரி லெஸ்லி நியூபிகின், 1947-ல் மதுரைக்கும் 1965-ல் சென்னைக்கும் பேராயரானார். ஆக, பிரஸ்பிட்டேரியன்காரரே பிஷப் ஆகலாம். அவ்வளவு பெரிய தலைகீழ் மாற்றத்துக்கு மனசு இடம் கொடுத்தது. பெண் ஆயர் ஆவதற்கு மட்டும் 1947-ல் இடமில்லை. இத்தனைக்கும் இங்கிலாந்தில் காங்கிரிகேஷனல் சபை 1917-லேயே கான்ஸ்டன்ஸ் கோல்ட்மன் என்ற பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்திருந்தது. கூட்டணி என்று வந்துவிட்டால் யாருக்கு எது ஆகாதோ அதைத்தான் முதலில் விட்டுக்கொடுப்பார்கள். அரசியலில் பார்க்காததா?

புதிய சபையில் பெண்கள் ஐக்கியச் சங்கம் வந்தது. கரோல் கிரஹாம் என்பவர் முயற்சியில் 1950-களில் சகோதரிகள் சங்கம் ஒன்றும் வந்தது. ஊழியத்துக்கு உறுதிமொழி எடுத்த பெண்கள். ஆனால் ஆயர்கள் இல்லை.

டீச்சரிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் சமையலறைப் பக்கம் கைகாட்டினார். “அங்க ஒரு டப்பா இருக்கு பாருங்க, பிடி அரிசி டப்பா” என்றார். தினமும் உலை வைக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியாகப் போடுவது. வாரக் கடைசியில் சர்ச்சுக்குக் காணிக்கை. அம்மா செய்தார், பாட்டி செய்தார், இவரும் செய்கிறார். பணம் ஆண் கையில், அரிசிப் பானை பெண் கையில் இருந்த காலத்தில், பெண் தன் இஷ்டத்துக்குக் கொடுக்க முடிந்தது அந்த ஒரு பிடிதான்.

இதே பழக்கம் இந்தியாவின் இன்னொரு மூலையில் பிரமாண்டமாக வளர்ந்திருக்கிறது. மிசோரம் மாநிலத்தில் இன்றைக்கும் பிரஸ்பிட்டேரியன் என்ற பெயரிலேயே பெரிய சபை இருக்கிறது. அங்கே 1910-ல் பெண்கள் ‘பூஃபாய் தாம்’ என்று ஆரம்பித்தார்கள். அதுவும் பிடி அரிசியேதான். ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி. அந்த அரிசியை விற்ற காசில் மிஷனரிகளை அனுப்பினார்கள், கட்டடங்கள் கட்டினார்கள். அது கோடிக்கணக்கில் போகும் வருமானமானது. அந்த மிசோரம் சபையில் 2010-களிலும் பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கவில்லை. இறையியல் படித்த பெண்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு கம்பெனியின் முதலீட்டில் இவ்வளவு பெரிய பங்கைக் கொடுத்தவருக்கு டைரக்டர் போர்டில் நாற்காலி இல்லையென்றால், கம்பெனிச் சட்டம் படித்த எவனும் கேள்வி கேட்பான்.

கேள்வி தாய்நாட்டிலேயே எழுந்தது. 1963-ல் மேரி லஸ்க் என்ற டீக்கனஸ், ஸ்காட்லாந்துச் சபையின் பொதுப் பேரவைக்கு மனு கொடுத்தார். எனக்குக் குருப்பட்டம் கொடுங்கள் என்பதுதான் மனு. பெண்கள் சார்பில், நீதியின் சார்பில் என்றெல்லாம் இல்லாமல், எனக்குக் கொடுங்கள் என்று கேட்டதுதான் அதில் அழகு. கமிட்டி, விவாதம், ஒத்திவைப்பு எல்லாம் நடந்தது. 1966-ல் பெண்கள் மூப்பராகலாம் என்றார்கள். 1968-ல் போதகராகலாம் என்றார்கள். ஜான் நாக்ஸ் புத்தகம் வந்து 410 வருடம்! மனு போட்ட மேரிக்குப் பட்டம் கிடைத்தது 1978-ல். அவருக்கு முன்னாலேயே வேறு பெண்கள் வாங்கிவிட்டார்கள். க்யூவை ஆரம்பித்துவைத்தவருக்குக் கடைசியில் டிக்கெட் கிடைப்பது எல்லா ஊரிலும் உண்டு போல. ஆற்காடு மிஷனை அனுப்பிய அமெரிக்கச் சபை 1979-ல் கதவைத் திறந்தது.

சி.எஸ்.ஐ.யிலும் எழுபதுகளில் விவாதம் சூடுபிடித்து, எண்பதுகள் முடிவதற்குள் பெண்கள் ஆயராகிவிட்டார்கள். 2013 செப்டம்பரில் ஆந்திராவின் நந்தியால் திருமண்டலத்துக்கு புஷ்பலலிதா பேராயரானார். சி.எஸ்.ஐ.யின் முதல் பெண் பிஷப். இங்கிலாந்து ஆங்கிலிகன் சபையில் முதல் பெண் பிஷப் வந்தது 2015-ல்தான். கடைசி ஓவரில் நாம் முந்திவிட்டோம்!

சட்டம் மாறிவிட்டது சரி, மனசு? அம்பத்தூர், ஆவடி மாதிரி ஊர்கள் சபை விஷயத்திலும் ஒரு கதம்பம். சைக்கிள் கம்பெனி, டன்லப், டாங்க் ஃபாக்டரி, எஸ்டேட் என்று வேலை தேடி வந்தவர்கள் ஒவ்வொரு ஊர்ப் பழக்கத்தையும் மூட்டை கட்டிக் கொண்டுவந்தார்கள். திருநெல்வேலி ஆங்கிலிகன், நாகர்கோவில் லண்டன் மிஷன், செங்கல்பட்டு ஸ்காட்லாந்து மிஷன், ராணிப்பேட்டை ஆற்காடு மிஷன்... எல்லோரும் ஒரே சர்ச்சில் ஒரே பெஞ்சில். ஒருத்தருக்கு முக்காடு முக்கியம், ஒருத்தருக்குப் பாட்டு முக்கியம். பெண் ஆயர் வந்தால் ஆளுக்கொரு மாதிரி முகம் போகும்.

“எங்க சர்ச்சுக்கு முதல்ல பொம்பள ஆயர் வந்தப்ப நானே திருவிருந்துக்குப் போகல தம்பி” என்றார் டீச்சர்.

எனக்கு ஆச்சரியம். “நீங்களா? பைபிள் உமன் பேத்தியா?”

“பேத்திதான். என்னமோ கால் எழும்பல. ரெண்டு மாசம் அப்படியே உக்காந்திருந்தேன். அப்புறம் எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, ராத்திரி பதினோரு மணிக்கு அந்த அம்மாதான் ஸ்கூட்டர்ல வந்து நின்னாங்க. கையப் பிடிச்சு ஜெபம் பண்ணிட்டு, எனக்கு ஃபிளாஸ்க்ல காபியும் வாங்கிக் கொடுத்துட்டுப் போனாங்க. அந்த ஞாயித்துக்கிழம போயி முழங்கால் போட்டேன். கையில அப்பத்தை வச்சாங்க. எங்க பாட்டி ஞாபகம்தான் வந்துச்சு.”

அதற்கு மேல் அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

வீட்டுப் பிரதிஷ்டையை முடிக்காமல் விட்டுவிட்டேனே. ஜெபம் முடிந்தது. அந்த அம்மா ஒவ்வோர் அறையாகப் போய் ஜெபித்தார், சமையலறையில் கொஞ்சம் அதிக நேரம். பிரியாணி நன்றாக இருந்தது. பந்தியில் எனக்கு அந்தப் பக்கம் ஹெல்மெட்காரர், இந்தப் பக்கம் திருநெல்வேலிப் பெரியவர். பெரியவருக்கு இன்னும் மனசு ஆறவில்லை. இலையைத் தாண்டி எட்டிப் பார்த்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

“தம்பி, தப்பா நெனைக்கக் கூடாது. அம்மாவ ஆயர்னு கூப்பிடுதோம். அப்போ ஒங்கள என்னன்னு கூப்பிடணும்?”

அவர் தயிர்ப் பச்சடியை ஒதுக்கிவைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

“ஆயரோட வீட்டுக்காரர்னு சொல்லுங்கய்யா. சண்டே ஸ்கூல் கணக்கும் நான்தான் பாக்குறேன். சம்பளம் கிடையாது.”